கேடயக்காரனின் முதல் வரி

பூப்பாறை எஸ்டேட் லயம்
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அன்னக்கொடி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? அண்ணி அளந்து போடுகிறார்களா, நீங்கள் அளக்காமல் தின்கிறீர்களா?

சுருளிவேல் ஜீப்பில் ஒரு அட்டைப்பெட்டி கொடுத்துவிட்டிருக்கிறேன். என் பிள்ளை பிரதீப் வாங்கித் தந்த கேம் பெட்டி அது. இங்கே மழை தொடங்கிவிட்டது. கரண்டு வருவதும் போவதுமாக இருக்கிறது. போன மழையில் பழைய டிவி போய்விட்டது. இதுவும் போனால் என்னால் தாங்க முடியாது. ஏலக்காய் எடுப்பு முடிகிற தை மாதம் வரை உங்கள் வீட்டில் இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு தடவை டிவியில் மாட்டிக் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். இல்லாவிட்டால் ஈரம் ஏறிவிடும் என்று பிரதீப் கத்தாரிலிருந்து சொன்னான்.

உள்ளே இருக்கிற கோட்டை விளையாட்டு உங்களுக்குத் தெரியும். துக்கத்துக்கு வந்தபோது காட்டினேனே, அதுதான். நாலு பேர் கொண்ட படை. ஒரு ஆளை நாம் கையில் பிடித்து ஆட்டுவோம். மற்ற மூவரும் அவரவருக்கு எழுதி வைத்த கட்டளை வரிசைப்படி தாமாகச் சண்டை போடுவார்கள். வில் வைத்திருக்கிற பெண் நான். கேடயம் வைத்திருப்பவர் என் வீட்டுக்காரர், உங்கள் மாப்பிள்ளை. பெயரும் கன்னையன் என்றுதான் வைத்திருக்கிறோம். அவர் ஜீப் ஓட்டப் போகிற நாட்களில் நான் தனியாக ஆட வேண்டியிருக்குமே என்று தன் ஆளுக்கு ஒரு வரிசை எழுதிவைத்தார். அதில் முதல் வரி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்னக்கொடியின் உயிர்க்கோடு பாதிக்குக் கீழே இறங்கினால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு அவளிடம் ஓடு, கேடயத்தால் மறை. அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. இன்னும் ஓடி வருகிறார்.

சேவ் ஆகியிருப்பது ஒரே இடத்தில்தான். இங்கே நெட்டு இல்லாததால் வேறெங்கும் நகல் இல்லை. பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே. ஞாயிற்றுக்கிழமை பாறை மேல் ஏறினால் டவர் கிடைக்கும், பேசுகிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். அண்ணிக்கு என் அன்பு.

அன்னக்கொடி


போடிநாயக்கனூர்
22 ஜூன் 2024
(அனுப்பாதது)

ஆத்தா அன்னக்கொடி,

இந்தக் கடிதத்தில் நலம் கேட்க எனக்குத் தகுதி இல்லை.

பெட்டியைப் போன வியாழக்கிழமை டிவியில் மாட்டினேன். நீ சொன்னபடி கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்திருக்க வேண்டும். திரையில் இரண்டு வரி வந்தது. தொடர்வதா, புதிதாகத் தொடங்குவதா என்று. முப்பத்து நான்கு வருடம் பாடம் நடத்தியவன். எந்தப் புத்தகத்தையும் நடுவில் திறந்து எனக்குப் பழக்கம் இல்லை. முதல் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் புதிதாகத் தொடங்கு என்பதை அமுக்கினேன். பழைய பதிவு அழிந்துவிடும் என்று ஓர் எச்சரிக்கை வந்தது. படித்தேன். படித்துவிட்டும் அமுக்கினேன். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதானே என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில், முதல் சண்டை முடிந்ததும், திரையின் மூலையில் பதிவாகிவிட்டது என்று எழுத்து வந்தது.

மாப்பிள்ளை போய்விட்டார். நான் அழித்துவிட்டேன்.

நாளை நீ பாறை ஏறி அழைப்பாய். எடுக்க மாட்டேன். என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தை மாதத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. நீ விட்ட இடம் வரை ஆடிவிட்டால், அந்த வரிசையையும் அதேபோல எழுதிவிட்டால், உனக்குத் தெரியவா போகிறது?

இதை எழுதிவிட்டு என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாணவன் ஒருவன் இப்படி எழுதியிருந்தால் அவனை என்ன செய்திருப்பேன்?

ஈஸ்வரன்


போடிநாயக்கனூர்
24 ஜூன் 2024

அன்புத் தங்கை அன்னக்கொடிக்கு,

உன் அண்ணன் ஆசியுடன் எழுதுவது. நானும் அனுசியாவும் நலம். சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கிறது. உன் கால் மழையில் தொந்தரவு கொடுக்கிறதா?

பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ அழைத்தபோது கோயிலுக்குப் போயிருந்தேன். கைபேசியை எடுத்துப் போகவில்லை.

ஓட விடுவதோடு நிற்காமல் கொஞ்சம் ஆடியும் பார்க்கலாமா என்று ஓர் ஆசை. ஓய்வு பெற்றவனுக்கு மாலை நேரம் நீளமாக இருக்கிறது. ஆனால் சண்டை வந்தால் கை நடுங்குகிறது. நால்வரும் நாலு திசையில் ஓடுகிறார்கள். இடைவேளை மணி அடித்த ஆறாம் வகுப்பு மாதிரி இருக்கிறது. எப்படிச் சண்டை போடுவது என்று எனக்கு ஒன்றிரண்டு சூட்சுமம் எழுதேன். அவசரம் இல்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஈஸ்வரன்


பூப்பாறை
5 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். கால் பரவாயில்லை. ஸ்டோரில் அடுப்புக்கு முன்னால் நிற்பதால் சூடு பிடித்து வலி குறைகிறது. முதல் எடுப்புக் காய் இன்னும் வரவில்லை. வந்துவிட்டால் காய் உலர்த்துகிற எங்களுக்கு ஓய்வே கிடையாது.

நீங்கள் சண்டை போடுகிறீர்கள் என்று சுருளிவேல் லயம் முழுக்கச் சொல்லிவிட்டான். பக்கத்து வீட்டு சூர்யகலா, "ஏக்கா, ஒங்க அண்ணே வாத்தியாரு கையில கம்பு இல்லாமயே சண்டை போடுறாராமே! அந்தக் காலத்துலன்னா நம்மளப் போட்டுல்ல வெளுப்பாரு" என்கிறாள். அவள் உங்களிடம் படித்தவள். இன்னும் பயம் போகவில்லை.

சூட்சுமம் கேட்டீர்கள். சொல்கிறேன்.

முதலில், ஆளுக்கு ஒரு எதிரியை அடிக்காதீர்கள். நாலு பேரும் ஒருவனையே அடிக்க வேண்டும். பத்து எதிரி பாதி உயிரோடு நின்றால் பத்து பேரும் அடிப்பார்கள். ஐந்து பேர் செத்துவிட்டால் ஐந்து பேர்தான் அடிப்பார்கள். அந்த ஒருவன் யார் என்றால், பின்னால் நின்று மற்றவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன். பெரிய உருவத்தைப் பார்த்து ஆசைப்பட்டு அடிக்கப் போனால் தோற்பீர்கள்.

வில்காரியை மேட்டில் நிறுத்துங்கள். கேடயக்காரன் எதிரியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். அவன் வேலை அடிப்பது இல்லை, அடி வாங்குவது. மந்திரக்காரன் மந்திரத்தை முழுக்கச் செலவழிக்க விடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு எப்போதும் மிச்சம் இருக்கட்டும். கை நடுங்கினால் வலது பக்கச் சிறு பொத்தானை அமுக்குங்கள். எல்லாம் அப்படியே நின்றுவிடும். நின்ற இடத்தில் ஒவ்வொருவருக்கும் உத்தரவு கொடுத்துவிட்டு மறுபடி ஓட விடலாம். அவசரப்படுகிறவர்களுக்குத்தான் அந்தப் பொத்தான்.

இவ்வளவு பெரிய கடிதம் உங்களுக்கு நான் எழுதி எத்தனை வருடம் ஆகிறது! நீங்களும் எழுதி.

அண்ணியிடம் கேட்டதாகச் சொல்லுங்கள். மருந்தை மறக்காதீர்கள்.

அன்னக்கொடி


போடிநாயக்கனூர்
23 ஜூலை 2024

அன்புத் தங்கைக்கு,

நலம். நலமே விழைகிறேன். இங்கே காற்று மட்டும் பலமாக இருக்கிறது. மழை மலையோடு நின்றுவிடுகிறது.

உன் கடிதத்தைப் பாடக்குறிப்பு மாதிரி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். எல்லாரும் ஒருவனையே அடிப்பது என்பது பெரிய உண்மை. ஒரு வகுப்பு முழுக்கச் சத்தம் போட்டால் எல்லாரையும் அதட்டக் கூடாது. சத்தத்தைத் தொடங்குகிற ஒருவன் இருப்பான். அவனைக் கரும்பலகையைத் துடைக்கச் சொன்னால் போதும், வகுப்பு அடங்கிவிடும்.

ஆனாலும் ஆற்றுப் பாலத்தில் ஒரு ராட்சதன் நிற்கிறான். அவனிடம் ஒன்பது தடவை தோற்றுவிட்டேன். உன் அண்ணி வாசலில் நின்று, "யக்கா, இங்க வந்து பாருங்க! பள்ளிக்கொடத்துல எல்லாத்தையும் அடிச்ச மனுசன் இங்க ஒக்காந்து அடி வாங்குறாரு" என்று தெருவையே கூப்பிடுகிறாள். அவனை எப்படி வெல்வது?

இன்னொன்று. மாப்பிள்ளையின் வரிசையில் முதல் வரியை நீ எழுதியிருந்தாய். இரண்டாவது, மூன்றாவது என்னென்ன? மொத்தம் எத்தனை வரி? அவர் எப்படி யோசித்திருக்கிறார் என்று அறிய ஆவல்.

உன் அண்ணன்
ஈஸ்வரன்


பூப்பாறை
11 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

நலம்.

பாலத்து ராட்சதன் இடது தோளைத் தூக்கினால் கதாயுதம் பக்கவாட்டில் வரும். அப்போது பின்பக்கம் உருண்டுவிட வேண்டும். இரண்டு கையையும் தூக்கினால் தரையை அடிக்கப் போகிறான். அப்போது ஓடக் கூடாது. கேடயத்தை ஊன்றி நிற்க வேண்டும். அவனை முன்னால் நின்று யாரும் ஜெயித்தது இல்லை. கேடயக்காரன் அவன் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பி வைத்திருக்க, வில்காரி அவன் குதிகாலில் அடிக்க வேண்டும். மூன்று அம்பு சரியாகப் பட்டால் மண்டி போடுவான். அந்தப் பத்து நொடிக்காக மந்திரத்தைச் சேர்த்து வைத்திருங்கள்.

அவர் வரிசையை நான் பார்க்காமல் சொல்ல முடியாது. பெட்டி உங்களிடம்தானே இருக்கிறது. திரையில் அவர் பெயர் மேல் வைத்து அமுக்கினால் எல்லா வரியும் வரும். பார்த்துக்கொள்ளுங்கள்.

காய் வரத் தொடங்கிவிட்டது.

அன்னக்கொடி


போடிநாயக்கனூர்
19 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தில் என் சர்க்கரையைப் பற்றிக் கேட்கவில்லை. சோலி அதிகம் என்று புரிந்துகொண்டேன். அது சரியாகவே இருக்கிறது.

ராட்சதனை வென்றேன். குதிகால் ரகசியம் சொன்னதற்கு நன்றி. அனுசியாகூடக் கைதட்டினாள்.

வரிசையைத் திரையில் பார்த்தேன். எழுத்து மிகவும் பொடியாக இருக்கிறது. கண்ணாடியை மாற்ற வேண்டும். ஆங்கிலச் சுருக்கமாகவும் இருப்பதால் சில வரிகள் விளங்கவில்லை. நினைவில் இருப்பதை நீயே எழுதினால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வேன். உனக்கு மருந்து கொடுப்பது முந்தியா, எதிரியை அடிப்பது முந்தியா? அது ஒன்றாவது சொல்.

பதிலை எதிர்பார்க்கும்
ஈஸ்வரன்


போடிநாயக்கனூர்
28 செப்டம்பர் 2024

ஆத்தா அன்னக்கொடி,

நாற்பது நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தினமும் சாயங்காலம் மலையிலிருந்து ஜீப்புகள் இறங்குகிற நேரத்தில் போய் நிற்கிறேன். சுருளிவேல் என்னைப் பார்த்ததும் கையை விரிக்கிறான். நேற்று அவன் சொன்னான்: "நல்லாத்தேன் இருக்காக வாத்தியாரய்யா. சோறு திங்குறாக, சோலி பாக்குறாக. கடுதாசி எங்கன்னு கேட்டா, 'எழுதுவேன் போடா'ங்குறாக. நீங்க என்ன பண்ணுனீக?"

என்ன செய்தேன் என்று வழியில் போகிற ஜீப்புக்காரனுக்கே என் முகத்தில் தெரிகிறது.

ஜூன் மாதமே உனக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பாமல் வைத்திருந்தேன். அதையும் இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துக்கொள். உன் ஆட்டத்தை நான் அழித்துவிட்டேன். பெட்டி வந்த பத்தாம் நாளே. கோயிலுக்குப் போனது பொய். கண்ணாடி பொய். திரையில் இருந்தது நான் புதிதாகத் தொடங்கிய ஆட்டம். அதில் கேடயக்காரனுக்குக் கன்னையன் என்று பெயர் வைத்து, உன்னிடமிருந்து ஒவ்வொரு வரியாகக் கறந்து எழுதி, தை மாதம் அதுதான் அது என்று உன் கையில் கொடுக்க நினைத்தேன். ஒரு போலிப் புருஷனைச் செய்து தங்கைக்குக் கொடுக்கப் பார்த்தவன் நான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதமும் பொய்தான்.

2009இல், கால் முறிந்து கட்டுப் பிரித்த மறுவாரம், நீ ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்தாய். சரிவில் நீ விழுந்து கிடந்தபோது மாப்பிள்ளை ஈரக் காய் மூட்டைகளை ஜீப்பில் ஏற்றி ஸ்டோரில் இறக்கிவிட்டு, நாலு மணி நேரம் கழித்து வந்துதான் உன்னைத் தூக்கினார் என்றாய். "அந்த மனுசன்கூட என்னால இருக்க முடியாதுண்ணே" என்றாய். நான் உனக்கு ஓர் உதாரணம் சொன்னேன். ஏலச்செடிக்கு நிழல் மரம் வேண்டும். மரம் சில நேரம் கிளையை முறித்துச் செடி மேல் போடும். அதற்காகச் செடி மரத்தை விட்டுப் போகுமா என்று. சொல்லிவிட்டு, நல்ல உதாரணம் என்று நானே மெச்சிக்கொண்டேன். அன்று சாயங்கால ஜீப்பிலேயே உன்னை ஏற்றிவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் துக்கத்துக்கு வந்தபோது நீ அந்த முதல் வரியைக் காட்டினாய். உன் உயிர் குறைந்ததும் அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தார். அன்று எனக்குள் ஒரு மூட்டை இறங்கியது. மனுஷன் திருந்திவிட்டான், நான் செய்தது தப்பில்லை என்று தூங்கினேன். நான் அழித்தது உன் ஆட்டத்தை மட்டும் இல்லை. என்னை நான் மன்னித்துக்கொள்ள வைத்திருந்த ஒரே சாட்சியையும்தான். அதனால்தான் அதைத் திரும்பச் செய்ய இவ்வளவு துடித்தேன். உனக்காக என்று சொல்லிக்கொண்டேன். முழுக்க உனக்காக இல்லை.

திட்டியாவது எழுது.

ஈஸ்வரன்


பூப்பாறை
17 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். உங்கள் சர்க்கரையைப் போன கடிதத்தில் வேண்டுமென்றேதான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். எப்படி இருக்கிறது?

பாலத்து ராட்சதன் என்று நீங்கள் எழுதியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பாலத்தை நானும் அவரும் தாண்டியது 2019இல். அவனைச் சந்திக்க வேண்டுமென்றால் முதலிலிருந்துதான் வர வேண்டும். கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அன்று முழுக்க ஸ்டோரில் காய் அள்ளினேன். எதை அள்ளினேன், எங்கே கொட்டினேன் என்று தெரியவில்லை. மேஸ்திரி, "என்னத்தா, பச்சக் காயக் கொண்டாந்து காஞ்சதுல கொட்டுற?" என்று சத்தம் போட்டார்.

கோபம் வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ராட்சதனை எப்படி அடிப்பது என்று உங்களுக்கு எழுதினேன். ஏன் என்றால், உங்களைக் கேட்டால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள். ஒத்துக்கொண்டால் நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டிவரும். அதற்குத்தான் நாற்பது நாள்.

அந்த முதல் வரியை எழுதியது அவர் இல்லை அண்ணே. நான்.

அவர் இருந்தவரை அந்த வரிசையை நான் திறந்து பார்த்ததே இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு, ஒரு மத்தியானம், அவர் கையெழுத்தைப் பார்க்கிற மாதிரி இருக்குமே என்று திறந்தேன். நாலு வரி இருந்தது. ஒன்று, இருப்பதிலேயே பெரிய எதிரியை அடி. இரண்டு, கீழே விழுந்த பொருளை எடு. மூன்று, தன் உயிர் குறைந்தால் மருந்து குடி. நாலு, எதிரி இல்லாவிட்டால் முன்னால் போ. அவ்வளவுதான். என் பெயர் அதில் எங்கேயும் இல்லை. வேண்டுமென்று விட்டிருக்க மாட்டார். அப்படி ஒன்று எழுதலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. அந்த மலைச்சரிவிலும் அப்படித்தான். நனைந்த காய் கெட்டுவிடும் என்பது அவருக்கு உடனே தோன்றியது. நான் கெட மாட்டேன் என்று நினைத்துவிட்டார்.

பிறகு துக்கம் கேட்க நீங்கள் மறுபடி ஒருமுறை வந்தீர்கள். அடுப்படி வாசலில் நின்று என்னிடம் கேட்டீர்கள். "ஒன்னைய நல்லா வச்சிருந்தானா ஆத்தா?" கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தீர்கள். அப்போது நீங்கள் எவ்வளவு வயதானவராகத் தெரிந்தீர்கள் தெரியுமா? நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அன்று சாயங்காலம் உட்கார்ந்து, தட்டுத்தடுமாறி, மேலே ஒரு வரி சேர்த்தேன். மறுநாள் உங்களை உட்காரவைத்து, வேண்டுமென்றே ஒரு ஓநாயிடம் போய் அடி வாங்கிக்கொண்டேன். அவர் ஓடி வந்தார். உங்கள் முகம் தெளிந்தது.

உங்களுக்காகத்தான் செய்தேன். ஆனால் நீங்கள் போன பிறகும் தினமும் போய் அடி வாங்கிக்கொண்டே இருந்தேன். அவர் தினமும் ஓடி வந்தார். மூன்று வருடத்தில் நான் எழுதியதை அவர் எழுதியதாக நானே நம்பிவிட்டேன். பிரதீப்பிடமும் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறேன். செத்துப்போனவரை அவர் பாட்டுக்கு இருக்கவிடாமல் திருத்தி எழுதிவிட்டேன். நீங்கள் அழித்தது அவரை இல்லை, என் கைவேலையை. அவருடைய நாலு வரியும் அதோடு போனதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. அவர் உண்மையாக எழுதியது அது ஒன்றுதான்.

நிழல் மரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த உதாரணத்தை எனக்கு யாரும் மறக்கடிக்க முடியாது. வருடா வருடம் மழைக்கு முன்னால் எஸ்டேட்டில் ஆள் ஏறிக் கிளைகளை வெட்டி நிழல் மரத்தைக் கவாத்து பண்ணுவார்கள். கவாத்து பண்ணாத மரத்தடியில் செடி அழுகிப்போகும். போடியில் இருக்கிற உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா அண்ணே?

அண்ணியிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம்.

அன்னக்கொடி


போடிநாயக்கனூர்
3 நவம்பர் 2024

அன்னக்கொடி,

சர்க்கரை ஏறியிருக்கிறது. பொய் சொல்வதை விட்டுவிட்டேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

உன் கடிதத்தை அனுசியா என் கையிலிருந்து வாங்கிப் படித்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. படித்துவிட்டு, "அன்னைக்கு அவ பையத் தூக்கி ஜீப்புல வச்சது யாரு? நாந்தேன். நீங்க ஒருத்தரே எல்லாப் பாவத்தையும் எடுத்துக்காதீக" என்றாள். அன்று இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

கவாத்து பண்ணுவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் சொல்லவில்லை. சொன்னால் உதாரணம் கெட்டுவிடும்.

என்ன எழுதினாலும் அது என்னைத் தேற்றிக்கொள்கிற மாதிரிதான் வருகிறது. மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். அதனால் ஒன்றே ஒன்று. வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து இரு. மாடி அறை காலியாக இருக்கிறது. இந்தத் தடவை எந்த ஜீப்பிலும் ஏற்றிவிட மாட்டேன்.

நான் செய்துவைத்திருக்கிற ஆட்டத்தை என்ன செய்யட்டும்? நீ கடிதத்தில் எழுதிய அவருடைய நாலு வரியையும் அதில் ஏற்றட்டுமா? உன் பெயர் இல்லாமல், அவர் எழுதியபடியே?

ஈஸ்வரன்


பூப்பாறை
8 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். சர்க்கரையைக் குறைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அண்ணி சாப்பிடுகிறார்களா?

மாடி அறைக்கு இப்போது வர மாட்டேன். 2009இல் வந்திருப்பேன். இப்போது எனக்கு இங்கே வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. காய் உலர்த்துகிற பக்குவத்துக்கு ஸ்டோரில் என்னைத்தான் கேட்கிறார்கள். கூப்பிட்டதற்குச் சந்தோஷம். கொஞ்சம் அழுகையும்தான். மன்னித்துவிட்டேனா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கும் சந்தோஷம். கேட்டிருந்தால் மன்னித்தேன் என்று சொல்லிவிட்டிருப்பேன். எனக்கே இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை.

நாலு வரியை ஏற்ற வேண்டாம். உங்கள் கையால் ஏற்றினால் அது உங்களுடையதாகிவிடும். எனக்கு அது மனப்பாடம், அது போதும். நீங்கள் ஆடியதையும் அழித்துவிடுங்கள். எச்சரிக்கை வரும். இந்தத் தடவையும் படித்துவிட்டே அமுக்குங்கள். பிரதீப்பிடம் உண்மையை நான் சொல்லிக்கொள்கிறேன். அது என் வேலை.

தை பிறந்ததும் பத்து நாள் லீவு சொல்லியிருக்கிறேன். வந்து நாம் இரண்டு பேரும் முதலிலிருந்து ஆடுவோம். இன்னொரு ஜாய்ஸ்டிக் பையில் கொண்டுவருகிறேன். யாருக்கும் வரிசை எழுதிவைக்க வேண்டாம். நம் ஆளை நாமே கையில் பிடிப்போம். வில் எனக்கு வேண்டாம். கேடயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். முன்னால் நின்று அடி வாங்கத் தெரிந்தவள் நம் இருவரில் நான்தான்.

நீங்கள் நம் படையின் வைத்தியக்காரர். அதற்கு இப்போதே ஒன்றிரண்டு சொல்லிவைக்கிறேன். என்னிடமிருந்து ரொம்ப தூரம் போகாதீர்கள். பக்கத்தில் வந்து காலிலும் மாட்டிக்கொள்ளாதீர்கள். சின்ன அடிக்கெல்லாம் மருந்து ஊற்றித் தீர்த்துவிடாதீர்கள். நான் தாங்குவேன். ஆனால் "அண்ணே" என்று நான் ஒரு தடவை கூப்பிட்டால், கீழே என்ன கிடந்தாலும் எடுக்காமல் வர வேண்டும். உதாரணம் சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாது.

அன்னக்கொடி